லெவலர் துண்டறிக்கைகள்: நாடாளுமன்றத்திடம் கேட்டார்களா, நாடாளுமன்றத்துக்குச் சொன்னார்களா?

ஒரு வாசகரின் பதிவு, ஜனவரி 18

இங்கிலாந்தின் லெவலர் இயக்கத்தாரைப் பற்றி ஆகா ஓகோ என்று எழுதுகிறார்கள். 1640-களில் லண்டனில் சில பேர் துண்டறிக்கை அடித்து, எங்களுக்கு ஓட்டுரிமை கொடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். அது கொடுக்கவில்லை. ஆளைப் பிடித்து உள்ளே போட்டது. 1649-ல் கதை முடிந்தது. ஆண், பெண் எல்லோருக்கும் சமமான ஓட்டு வர 1928 வரை ஆனது. இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ஜனவரி 18, இரவு

"மனுப் போட்டார்கள்" என்கிற இடத்திலேயே என் மறுப்பு தொடங்குகிறது. 1646 ஜூலையில் வந்த "பல்லாயிரம் குடிமக்களின் முறையீடு" என்கிற அறிக்கையை எடுத்துப் படியுங்கள். லெவலர்களான ரிச்சர்ட் ஓவர்ட்டனும் வில்லியம் வால்வினும் சேர்ந்து எழுதியது என்று ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். மக்கள் சபையைப் பார்த்து அது சொல்வது இதுதான்: உங்களை அமர்த்தியவர்கள் நாங்கள், நீங்கள் எங்கள் காரியஸ்தர்கள். மனுவில் யாராவது இப்படி எழுதுவார்களா?

நேரத்தையும் பாருங்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1642-ல் தொடங்கிய போரில் சார்லஸ் மன்னர் தோற்று, 1646 மே மாதம் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்துவிட்டார். நாடாளுமன்றம் ஜெயித்துவிட்டது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடுகிற நேரத்தில் இவர்கள் வந்து, மன்னரிடமிருந்து பிடுங்கிய அதிகாரத்தை நீங்களே வைத்துக்கொள்ளவா நாங்கள் ரத்தம் சிந்தினோம் என்று கேட்கிறார்கள். தோற்றவனைத் திட்டுவதற்குத் துணிச்சல் வேண்டாம். ஜெயித்தவன், அதுவும் நம் பக்கத்து ஆள், அவனிடம் கணக்குக் கேட்பதுதான் கஷ்டம். இவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை அங்கே பிறந்தது.

ஜனவரி 18, பின்னிரவு

ஒன்று விட்டுப்போனது. அந்த அறிக்கையின் முகப்பில், அப்போது சிறையில் இருந்த லெவலர் தலைவர் ஜான் லில்பர்னின் படம் இருக்கும். 1641-ல் செதுக்கிய பழைய படம்தான். 1646-ல் அதன் மேல் சிறைக் கம்பிகளைச் சேர்த்து அச்சடித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கும் விஷயம் புரிந்துவிடும்.

ஜனவரி 19

லில்பர்ன் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

லண்டனில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பழகிய பையன். அனுமதி பெறாத நூல்களை ஹாலந்திலிருந்து கொண்டுவந்தான் என்று 1637-ல் பிடித்தார்கள். அப்போது நட்சத்திர மன்றம் என்று ஒரு நீதிமன்றம் இருந்தது. அங்கே நிறுத்தப்பட்டவன் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். லில்பர்ன் சத்தியம் செய்ய மறுத்தார். என் வாயாலேயே என்னைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறீர்கள், அது சட்டத்துக்கே விரோதம் என்றார்.

1638 ஏப்ரலில் அவரை ஒரு வண்டியின் பின்னால் கட்டி, ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை முதுகில் சவுக்கால் அடித்துக்கொண்டே நடத்திப் போனார்கள். சேர்ந்த இடத்தில் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தினார்கள். அந்த நிலையிலும் பேசினார். சட்டைப் பைக்குள் வைத்திருந்த துண்டறிக்கைகளை எடுத்துக் கூட்டத்தின் மேல் வீசினார். வாயில் துணி வைத்து அடைத்தார்கள். காலால் தரையை உதைத்துக்கொண்டே நின்றார்.

1640-ல் நாடாளுமன்றம் கூடியபோது அவரை விடுதலை செய்யச் சொல்லிப் பேசியவர், பின்னாளில் நாடாளுமன்றப் படையின் தலைவர்களில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் வந்ததும் லில்பர்ன் நாடாளுமன்றப் படையில் சேர்ந்து லெஃப்டினன்ட் கர்னல் ஆனார். நடுவில் மன்னர் படையிடம் பிடிபட்டு, தேசத்துரோக வழக்கில் தூக்குக் கயிறு வரை போய், கைதிகள் மாற்றத்தில் தப்பினார். 1645-ல் பதவி உயர்வுக்காக மதச் சத்தியம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொன்னபோது படையைவிட்டே விலகினார். அடுத்த ஆண்டே அவரைச் சிறைக்கு அனுப்பியது அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்த நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை. மன்னர் ஆட்சியில் சிறை, நாடாளுமன்ற ஆட்சியில் சிறை, பிறகு குடியரசிலும் சிறை. மூன்றிலும் அவர் எழுப்பிய கேள்வி மாறவே இல்லை: எந்தச் சட்டப்படி என்னைப் பிடித்தாய், காட்டு.

ஜனவரி 21

"துண்டறிக்கை அடித்தார்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். அடிப்பது லேசான வேலை இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் சித்தப்பாவின் அச்சகத்தில் கழித்தவன் நான். ட்ரெடில் மெஷின், ஈய எழுத்து, கம்போசிங் ஸ்டிக், எழுத்தை நிரப்பி வைத்த மரக் கேஸ்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சினிமா பிட் நோட்டீஸ், தேர்தல் வந்தால் ராத்திரி பகல் பாராமல் கட்சி நோட்டீஸ். ஒரு பக்கம் கோர்த்து, ப்ரூஃப் எடுத்து, திருத்தி, ஃபாரத்தை இறுக்கி மெஷினில் ஏற்றுவதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். ஓடியபின் எழுத்தைப் பிரித்து அதனதன் அறையில் போடுகிற வேலை எங்களைப் போன்ற பையன்கள் தலையில் விழும்.

தேர்தல் சமயத்தில் இருட்டிய பிறகு சிலர் வருவார்கள். பெயர் போடாமல் அடித்துக் கொடுங்கள், கேட்டதைத் தருகிறோம் என்பார்கள். சித்தப்பா ஒத்துக்கொண்டதே இல்லை. எங்கள் கேஸில் ஒரு "ண" கால் உடைந்து கிடந்தது, மாற்ற வசதியில்லாமல் அதையே ஓட்டிக்கொண்டிருந்தோம். அதைக் காட்டி, பெயரில்லாமல் அடித்தாலும் இந்த எழுத்து நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பார்.

ஓவர்ட்டனைப் படித்தபோது எனக்கு அந்த "ண"தான் நினைவுக்கு வந்தது. லெவலர்களின் ரகசிய அச்சகம் எது, எந்த அறிக்கையை எந்தப் பட்டறை அடித்தது என்று ஆய்வாளர்கள் இன்று துப்புத் துலக்குவது உடைந்த, தேய்ந்த எழுத்துகளை வைத்துத்தான். அன்றைக்கும் தேடினார்கள். 1643 ஜூனில் நாடாளுமன்றம் உரிம ஆணை போட்டது: அனுமதியில்லாமல் எதுவும் அச்சாகக் கூடாது. தேடிப் பிடிக்கிற வேலை அச்சுத் தொழிலாளரின் சொந்தச் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு. வீடு புகுந்து சோதனை போடலாம், இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஆளையும் பிடிக்கலாம். அதாவது உன்னைத் தேடி வருகிறவனும் அச்சுக்காரன். எழுத்தின் முகத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லக் கூடியவன்.

இந்த ஆபத்தில்தான் அவர்கள் வேலை செய்தார்கள். கையால் இழுக்கிற மர அச்சு. இரண்டு பேர் நாள் முழுக்க நின்றால் ஆயிரம் சொச்சம் தாள் ஓடும். ஒரு தாளின் இரு பக்கமும் அடித்து மடித்தால் எட்டுப் பக்கம். தைத்து, கூடைக்குள்ளோ துணிக்குள்ளோ மறைத்துக் கைமாற்றிவிட வேண்டும். தைக்கிற வேலையில் பெண்கள் இருந்தார்கள். ஓவர்ட்டனின் மனைவி மேரி ஓவர்ட்டனை 1647 ஜனவரியில் அப்படித்தான் பிடித்தார்கள். சிறைக்கு நடந்து வர மாட்டேன் என்று அவர் மறுக்க, கைக்குழந்தையோடு தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரி 21, மாலை

ஓவர்ட்டன் நியூகேட் சிறையிலிருந்து எழுதிய "எல்லாக் கொடுங்கோலர் மேலும் ஓர் அம்பு" (1646 அக்டோபர்) அறிக்கையில் அச்சகத்தின் முகவரி என்ன தெரியுமா? சைக்ளோப்ஸ் (கிரேக்கப் புராணத்தின் ஒற்றைக்கண் அரக்கர்கள்) மலைகளின் பின்புறம். அச்சடித்தவர் பெயர், குருமாரைப் பிராண்டுகிற மார்ட்டின். விற்கும் இடம், அடக்குமுறை மன்றத்துக்கு நேர் எதிரே "குடிகளின் சுதந்திரம்" என்ற பலகை மாட்டிய கடை. தேடி வருகிறவன் முகத்தில் அறைகிற முகவரி! அந்த அறிக்கையின் முதல் வாக்கியம், ஒவ்வொரு மனிதனுக்கும் இயற்கையே ஓர் உடைமையைக் கொடுத்திருக்கிறது, அதில் வேறு யாரும் அத்துமீறக் கூடாது என்று தொடங்குகிறது. உடைமை என்று அவர் சொல்வது நிலம், காசை அல்ல, அவனவன் தன்னையே.

நம் ஊரில் அச்சடித்தவர் பெயரும் ஊரும் தாளில் இருந்தே ஆக வேண்டும் என்றது 1867-ஆம் ஆண்டுச் சட்டம், 2024-ல் வேறு சட்டம் வரும்வரை அது நடப்பில் இருந்தது. தேர்தல் துண்டறிக்கைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவும் உண்டு. அவதூறைத் தடுக்க அது தேவை என்று சித்தப்பா நம்பினார், நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். ஓவர்ட்டனைப் படித்த பிறகு எனக்கு அந்த உறுதி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. தேர்தலில் நிற்கிறவன் பெயரை மறைப்பதும், சிறையில் இருப்பவன் தன் அச்சுக்காரனைக் காப்பாற்றப் பெயரை மறைப்பதும் ஒன்றாகுமா?

ஜனவரி 24

இனி மையமான விஷயம். "மக்களின் உடன்படிக்கை."

முதல் வடிவம் 1647 இலையுதிர் காலத்தில் வந்தது, சில பக்கம்தான். இரண்டாவது 1648 டிசம்பர். மூன்றாவது 1649 மே 1-ஆம் தேதி, லண்டன் டவர் சிறைக்குள்ளிருந்து லில்பர்ன், வால்வின், ஓவர்ட்டன், தாமஸ் பிரின்ஸ் நான்கு பேரும் சேர்ந்து வெளியிட்டது.

நாடாளுமன்றம் நிறைவேற்றித் தர வேண்டிய சட்டமாக அவர்கள் இதை நினைக்கவில்லை. ஒரு நாடாளுமன்றம் கொடுத்ததை அடுத்த நாடாளுமன்றம் எடுத்துவிடலாம் இல்லையா? ஆகவே இதில் மக்களே நேரடியாகக் கையெழுத்துப் போட வேண்டும், ஊர் ஊராக. போட்டபின் அது நாடாளுமன்றத்துக்கு மேலே நிற்கும். நாடாளுமன்றத்தை உண்டாக்குவதே அதுதான். எத்தனை பேர், எப்போது தேர்தல், என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட முக்கியமாக, என்ன செய்யவே கூடாது என்பதும் இருக்கும்.

முதல் வடிவத்திலேயே ஐந்து விஷயங்களை மக்கள் யாருக்கும் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மத நம்பிக்கையில் கை வைக்கக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்திப் போருக்கு அனுப்பக் கூடாது. நடந்து முடிந்த போரில் சொன்னதற்கும் செய்ததற்கும் இனி யாரையும் விசாரிக்கக் கூடாது. பிறப்பு, பட்டம், செல்வம் எதை வைத்தும் யாருக்கும் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை. சட்டங்கள் மக்களின் நன்மையைக் கெடுக்கிறவையாக இருக்கக் கூடாது.

1649 வடிவம் இன்னும் விரிவானது. நானூறு பேர் கொண்ட சபை, ஆண்டுதோறும் தேர்தல். இந்த முறை உறுப்பினராக இருந்தவர் அடுத்த முறை நிற்க முடியாது. வழக்கறிஞர் உறுப்பினரானால் அந்தக் காலம் முழுதும் வழக்காடக் கூடாது. கடனுக்காக யாரையும் சிறையில் போடக் கூடாது. சட்டமும் வழக்கும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். திருச்சபைக்குக் கட்டும் தசமபாகம் ஒழிய வேண்டும். குற்ற வழக்கில் தனக்கு எதிரான கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தவனைத் தண்டிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் 1637-ல் லில்பர்ன் செய்ய மறுத்த சத்தியம் அப்படியே இருக்கிறது.

எங்களுக்கு இதைக் கொடு என்று கேட்பது ஒன்று. இதை உன்னிடம் நாங்கள் ஒப்படைக்கவே இல்லை என்பது வேறு. லெவலர்கள் இரண்டாவதைச் சொன்னார்கள்.

ஜனவரி 25

நிலம், வீட்டையெல்லாம் பிரித்துச் சமமாக்கப் பார்த்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது எதிரிகள் கட்டிவிட்ட கதை. 1649 உடன்படிக்கையில் சொத்தைச் சமப்படுத்தும் சட்டம் கூடாது என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். நிலம் எல்லோருக்கும் பொது என்றவர்கள் ஜெரார்டு வின்ஸ்டன்லியும் அவரோடு 1649 ஏப்ரலில் செயிண்ட் ஜார்ஜ் குன்றில் மண்ணைக் கொத்தத் தொடங்கியவர்களும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஜனவரி 25, இரவு

ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஜார்ஜ் தாமசன், லண்டன் புத்தக வியாபாரி. 1640-லிருந்து 1661 வரை கண்ணில் பட்ட துண்டறிக்கை, செய்தித்தாள் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்தார், பலவற்றில் கிடைத்த தேதியைக் கையால் எழுதிவைத்தார். 22,000-க்கும் மேல். படைகள் நெருங்கும்போது ஊர்விட்டு ஊர் அனுப்பி ஒளித்துக் காப்பாற்றினார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இத்தனைக்கும் லெவலர்களோடு அவருக்கு உடன்பாடு கிடையாது. பிட் நோட்டீஸை யார் எடுத்துவைப்பார்கள்? எங்கள் அச்சகத்தில் அடித்ததில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

ஜனவரி 28

ஓட்டுரிமை. நீங்கள் தொடங்கிய இடம், எனக்கும் மனம் சமாதானமாகாத இடம்.

1647 அக்டோபர் 28-ஆம் தேதி லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் கரையில் உள்ள பட்னி ஊரின் செயிண்ட் மேரி தேவாலயத்தில் படையின் தலைவர்களும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். தலைமை கிராம்வெல். மேஜைமேல் முதல் உடன்படிக்கை. மறுநாள் பேச்சு ஓட்டில் வந்து முட்டியது. கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ சொன்னார்: இங்கிலாந்தில் இருக்கிற மிக ஏழைக்கும், மிகப் பெரியவனுக்கு இருப்பதுபோலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஆகவே ஓர் ஆட்சியின் கீழ் வாழ வேண்டியவன் முதலில் தன் சம்மதத்தால் அந்த ஆட்சிக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும். கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன் எதிர்த்தார். நாட்டில் நிலையான பற்று உள்ளவனுக்கே, அதாவது நிலமோ வணிக உரிமையோ உள்ளவனுக்கே ஓட்டு. இல்லாவிட்டால் சொத்து இல்லாதவர்கள் சேர்ந்து சொத்தையே ஒழிக்கச் சட்டம் போடுவார்களே, என்ன செய்வாய் என்றார்.

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். பாலத்தை ஒட்டியே இருக்கிறது. ரெயின்ஸ்பரோவின் வாக்கியத்தை உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள். நின்று படித்தேன், எனக்குக் கண் கலங்கியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் வைத்து லெவலர்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1648-லும் 1649-லும் அச்சில் வந்த உடன்படிக்கைகளைப் பாருங்கள். பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியருக்கும், தர்மப் பணம் வாங்குகிறவர்களுக்கும் ஓட்டு இல்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்னியில் பேசும்போதே அந்தச் சமரசம் தொடங்கிவிட்டது: எஜமானுக்குப் பயந்து ஓட்டுப் போடுவார்கள் என்பது காரணம். எஜமானின் பிடியைத் தளர்த்த வழி தேடாமல் வேலைக்காரனின் ஓட்டை எடுத்துவிடுவது என்ன நியாயம்? அந்தக் காலத்துக்கு அது பெரிய தாவல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மிக ஏழை என்று ரெயின்ஸ்பரோ சொன்னாரே, அவனைத்தான் முதலில் வரிசையிலிருந்து இறக்கினார்கள்.

ஜனவரி 29

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பட்னியில் பேசியது அன்று வெளியே யாருக்கும் தெரியாது. படையின் செயலராக இருந்த வில்லியம் கிளார்க் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டின் வொர்ஸ்டர் கல்லூரியில் கிடந்தன, சி.எச். ஃபர்த் 1891-ல்தான் பதிப்பித்தார். ரெயின்ஸ்பரோவின் வாக்கியம் இருநூறு வருஷத்துக்கு மேல் உறங்கியது. தெருவில் மக்கள் கையில் இருந்தது அச்சடித்த உடன்படிக்கைதான். ஆகவே லெவலர்கள் மக்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் துண்டறிக்கையைத்தான் காட்ட வேண்டும், அதன் நல்லதோடும் குறையோடும்.

ஜனவரி 30

பெண்கள் பேசாமல் இருந்தார்களா? இல்லவே இல்லை. 1649 ஏப்ரலில் டவர் சிறையில் இருந்த அந்த நால்வரையும் விடுவிக்கக் கோரி நூற்றுக்கணக்கான பெண்கள் நாடாளுமன்ற வாசலுக்கே வந்தார்கள். சபையின் பதில்: இது உங்களுக்குப் புரியாத பெரிய விஷயம், உங்கள் கணவர்மாருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள்.

மே மாதம் அவர்கள் திரும்பவும் வந்தார்கள், புது மனுவோடு. உரிமை விண்ணப்பத்திலும் நாட்டின் நல்ல சட்டங்களிலும் இருக்கிற சுதந்திரத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு எங்களுக்கும் இல்லையா என்று கேட்டது அந்த மனு. எழுதியவர் கேத்தரின் சிட்லி என்று பலர் நினைக்கிறார்கள். லெவலர் ஆண்கள் எழுதியதில் இல்லாத ஒரு வரியை, அவர்களுக்காக வாசலில் நின்ற பெண்கள் எழுதினார்கள். இந்த இயக்கத்தின் ஆவணங்களில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள் என்பேன்.

பிப்ரவரி 4

அடக்கிய கதை.

1647 நவம்பர் 15, கார்க்புஷ் வயல். அனுமதியில்லாமல் வந்த சிப்பாய்கள் உடன்படிக்கையின் பிரதிகளைத் தொப்பியில் செருகிக்கொண்டு நின்றார்கள். அதிகாரிகள் பிடுங்கி எறிந்தார்கள். ரிச்சர்ட் ஆர்னால்ட் என்ற சிப்பாயை அங்கேயே படைக்கு முன்னால் சுட்டார்கள். தொப்பியில் ஒரு தாள், அதற்காக ஓர் உயிர்.

1649 ஜனவரி 30-ல் மன்னர் தலை வெட்டப்பட்டது. பிப்ரவரி இறுதியில் லில்பர்ன் "இங்கிலாந்தின் புதிய விலங்குகள்" வெளியிட்டார்: பழைய விலங்கு போய்ப் புது விலங்கு வந்திருக்கிறது, ராணுவ அதிகாரிகளும் மிச்சமிருக்கும் நாடாளுமன்றமும் சேர்ந்து பூட்டியது. அதன் இரண்டாம் பகுதி வந்ததும் மார்ச் 28 அதிகாலையில் நால்வரும் கைது. விசாரித்த புதிய குடியரசின் ஆட்சிக் குழுவுக்குப் பக்கத்து அறையில் நிறுத்தப்பட்டிருந்த லில்பர்ன் கதவில் காதை வைத்துக் கேட்டாராம். கிராம்வெல் மேஜையை ஓங்கிக் குத்திக்கொண்டு, இவர்களை நீங்கள் உடைக்காவிட்டால் இவர்கள் உங்களை உடைப்பார்கள் என்று கத்தினார். லில்பர்ன் அதையும் உடனே அச்சில் ஏற்றிவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் விடுதலைக்காகப் பேசிய அதே கிராம்வெல்.

ஏப்ரலில் ராபர்ட் லாக்கியர் என்ற இளம் சிப்பாயை செயிண்ட் பால் தேவாலய வளாகத்தில் சுட்டார்கள். சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் கடல்பச்சை நாடா அணிந்து நடந்தார்கள், அது லெவலர்களின் நிறம். மே மாதம் அயர்லாந்து போக மறுத்துக் கலகம் செய்த படைப்பிரிவுகளை பர்ஃபோர்டு என்ற ஊரில் நள்ளிரவில் வளைத்து, 340 பேர் அளவில் தேவாலயத்துக்குள் அடைத்தார்கள். மே 17-ல் மூன்று பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மற்றவர்களைக் கூரைமேல் நின்று பார்க்க வைத்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த ஆண்டனி செட்லி தன் பெயரையும் 1649 என்ற ஆண்டையும் "கைதி" என்ற சொல்லையும் ஞானஸ்நானத் தொட்டியில் கீறினார். இன்றும் படிக்கலாம்.

அயர்லாந்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சம்பள பாக்கி அந்தக் கலகத்தில் பெரிய காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேறொரு நாட்டு மக்களை அடிமைப்படுத்த நாங்கள் ஏன் போக வேண்டும் என்ற கேள்வியும் அந்த மாதங்களின் அறிக்கைகளில் எழுந்தது. படை போனது. அயர்லாந்தின் ட்ரோகெடா நகரில் அந்த செப்டம்பரில் கிராம்வெல்லின் படை நடத்திய படுகொலை வரலாற்றில் பதிந்த ஒன்று.

பிப்ரவரி 9

"அப்படியானால் தோற்றார்கள்தானே" என்று திரும்பவும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்சியைப் பிடிப்பதில் தோற்றார்கள், ஆமாம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

1649 அக்டோபர், லண்டன் கில்ட்ஹால். லில்பர்ன்மேல் தேசத்துரோக வழக்கு. ஆதாரம் என்ன? அவருடைய துண்டறிக்கைகள். உங்கள் கையெழுத்தா இது என்று கேட்டார்கள். என்னைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் என்றார். எட்வர்டு கோக்கின் சட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஜூரி நடுவர்களான சாதாரண லண்டன்வாசிகளைப் பார்த்து வாதாடினார்: சட்டத்துக்கும் நீங்கள்தான் நீதிபதி, நடந்ததுக்கும் நீங்கள்தான் நீதிபதி. அவர்கள் குற்றமில்லை என்று சொன்னதும் மண்டபத்தில் அரை மணி நேரம் ஆரவாரம் நிற்கவில்லை என்று அன்றைய பதிவு சொல்கிறது. அன்றிரவு தெருவில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். நடுவர்களின் பெயர்களைப் பொறித்துப் பதக்கம் வார்த்தார்கள்.

1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில், பிடிபட்டவனுக்கு மௌனமாக இருக்க உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதும்போது, லில்பர்ன் 1637-ல் அந்தச் சத்தியத்தை மறுத்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. காவல் நிலையத்தில் ஒருவனை உட்காரவைத்து வெறும் தாளில் கையெழுத்துப் போடு என்று மிரட்டுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் அவன் பக்கம் நிற்கிற வரி அது. சவுக்கடி பட்ட முதுகுகளிலிருந்து வந்த வரி.

பிப்ரவரி 10

நாடாளுமன்றம் தொடக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கலாம் என்ற எண்ணம் இங்கிலாந்தில் வேர் பிடிக்கவில்லை. அங்கே இன்றும் நாடாளுமன்றத்துக்கு மேலே எழுதிவைத்த சட்டம் இல்லை. நம் நாட்டில் 13-ஆம் பிரிவு அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்கிறது. நாடாளுமன்றமே அரசியலமைப்பைத் திருத்தினால்கூட அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில். லெவலர்களிடமிருந்து நாம் இதை எடுத்தோம் என்று நான் சொல்லவில்லை. அதே கேள்வி மறுபடி எழுந்தது என்று சொல்கிறேன்: ஓட்டு வாங்கிப் போனவர்களிடம் நாம் எதை ஒப்படைத்தோம், எதை ஒப்படைக்கவில்லை? ஒரு சபைக்குப் பெரும்பான்மை இருந்தால் எதையும் செய்யலாம் என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு 1647-ன் அந்த ஐந்து விஷயங்கள் ஞாபகம் வருகின்றன.

பிப்ரவரி 16

துண்டறிக்கையால் என்ன நடந்தது என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் ஒரு சம்பவம் இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன்.

1652 ஜனவரியில் நாடாளுமன்றம் லில்பர்னை வழக்கு விசாரணை எதுவுமில்லாமல், ஒரு தனிச் சட்டத்தின் மூலம் நாடு கடத்தியது. திரும்பி வந்தால் மரணம். 1653-ல் திரும்பி வந்தார். ஓல்ட் பெய்லியில் வழக்கு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவர் அந்தச் சட்டத்தில் சொன்ன ஜான் லில்பர்னா? ஆம் என்றால் தூக்கு. லண்டன் தெருக்களில் சின்னச் சின்னத் தாள்கள் இறைந்து கிடந்தன. நேர்மையான ஜான் லில்பர்ன் சாவதா, அறுபதாயிரம் பேர் ஏன் என்று கேட்பார்கள் என்று எதுகையோடு இரண்டு வரி.

நடுவர்கள் அவரை விடுவித்தார்கள். அதிகாரிகள் அந்த நடுவர்களையே வரவழைத்து விசாரித்தார்கள்: நாடாளுமன்றத்தின் சட்டம் கண்முன் இருக்க, இந்தத் தீர்ப்பை எப்படிச் சொன்னீர்கள்? பலர் வாயைத் திறக்கவில்லை. மனசாட்சிப்படி சொன்னோம் என்றார்கள். சிலர், நடந்ததுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் நாங்கள் நீதிபதிகள் என்று நம்பியதால் சொன்னோம் என்றார்கள். நான்கு வருஷத்துக்கு முன் கில்ட்ஹாலில் லில்பர்ன் பேசிய வாதம் அது. வழக்கு முடிந்ததும் அச்சாகி ஊரெல்லாம் போயிருந்தது.

அரசு அப்போதும் அவரை வெளியே விடவில்லை. ஜெர்சி தீவுக்கு அனுப்பிக் கோட்டையில் அடைத்தது. 1657 ஆகஸ்டில், எல்தம் என்ற ஊரில், மனைவி எலிசபெத்தைப் பார்க்கப் பரோலில் வந்திருந்தபோது இறந்தார்.